ஒரு நாவலுக்கு அட்டை போட்ட கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



பத்து நாளைக்கு முன்னால் செயலாளர் போன் செய்து, "நீயும் ஒரு கால் மணி நேரம் பேசணும்ப்பா" என்றார். "பம்ப் டிசைன் பற்றிப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். பதினைந்து வருஷமாக கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில், டிசைன் பிரிவில்தான் எனக்கு வேலை. அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வேண்டாம். நீ ஏதோ புத்தகத்துக்கெல்லாம் அட்டை போடுறியாமே, அதைப் பத்திப் பேசு" என்றார்.

அட்டை போடுவது என்றால் நமக்கெல்லாம் ஜூன் மாதம் ஞாபகத்துக்கு வரும். பிரவுன் ஷீட், கத்தரிக்கோல், லேபிள், அப்பாவின் கையெழுத்தில் நம் பெயர். அந்த அட்டைக்கு ஒரே வேலைதான்: புத்தகம் கிழியக் கூடாது. உள்ளே இருப்பது கணக்கா, வரலாறா என்று அந்த பிரவுன் ஷீட்டுக்குக் கவலை இல்லை. நான் முதன்முதலாக ஒரு நாவலுக்குப் போட்ட அட்டையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அந்தத் தப்பைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பெருமையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

விடுதியில் நான்கு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருவன். பெயர் சொல்ல மாட்டேன். நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், எழுந்து போய்விடுவான். ஊர் சோமனூர் பக்கம். வீட்டில் எட்டு விசைத்தறி. கூலிக்கு நெய்கிற குடும்பம். படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினான். 2016-ல் அச்சுக்குப் போகும் சமயம் என்னிடம் வந்து, "மாப்ள, நீதான் நல்லா வரைவியே, அட்டை நீயே போட்டுக் கொடு" என்றான். கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தான்.

நான் அதைப் படிக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த மாதம் கம்பெனியில் புதுப் பம்ப் ஒன்றுக்குச் சோதனை ஓட்டம். பின்னட்டைக்காக அவன் எழுதியிருந்த எட்டு வரியை மட்டும் பார்த்தேன். 'விசைத்தறித் தொழிலாளர் வாழ்க்கை' என்று இருந்தது. போதாதா? தலைப்பில் 'நூல்' என்ற சொல்லும் இருந்தது. உட்கார்ந்து ஒரு தறியை வரைந்தேன். எஞ்சினியர் அல்லவா, பாவு உருளை, நாடா, பல்சக்கரம் எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. தறியிலிருந்து ஒரு சிவப்பு நூல் இறங்கி வந்து கீழே ரத்தத் துளியாகச் சொட்டும். பின்னணி கறுப்பு. எனக்கு ஒரே பெருமை. நண்பன் பார்த்தான். "நல்லா இருக்குடா" என்றான். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். அந்தத் தயக்கம் அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை.

புத்தக வெளியீட்டு விழா முடிந்து அவன் வீட்டில் சாப்பாடு. அவன் அப்பா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் 240 பக்கம் அவருக்கு மலை. அட்டையையே ரொம்ப நேரம் பார்த்தார். கையால் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "தறி நல்லா இருக்குது கண்ணு. ஆனா இதுல நாங்க எங்கே இருக்கறோம்?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டார். அவருடைய மகன் அவரைப் பற்றி எழுதிய புத்தகத்தில், அவரால் முழுசாகப் படிக்க முடிந்த ஒரே பக்கம் அந்த அட்டைதான். அதில் நான் எந்திரத்தை வரைந்து வைத்திருந்தேன். சோறு இறங்கவில்லை எனக்கு.

அன்று ராத்திரிதான் நாவலைப் படித்தேன். விடிய மூன்று மணி ஆயிற்று. அது தறியைப் பற்றிய நாவலே இல்லை. கேட்காமல் போனதைப் பற்றிய நாவல்.

நம் மெக்கானிக்கல் தம்பிகளுக்கு இது தெரியும். நாடா ஓடுகிற பழைய தறிக் கொட்டகையில் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். அதிலேயே பல வருஷம் நின்றால் செவி நரம்பு பழுதாகும். ஆனால் எல்லா ஒலியும் ஒன்றாகப் போய்விடாது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். பேச்சில் உள்ள மெல்லிய மெய்யொலிகள் மங்கும். தாழ்ந்த ஆண் குரலாவது ஓரளவு பிடிபடும். பெண்ணின் குரலும் குழந்தையின் குரலும் அதற்கு முன்பே நழுவ ஆரம்பிக்கும். அந்த நாவலில் வரும் நெசவாளிக்கு முதலில் கேட்காமல் போவது மனைவியின் குரல். அவள் கூப்பிட்டுப் பார்த்துச் சலித்து, பிறகு கிட்டே வந்து அவர் தோளைத் தொட ஆரம்பிக்கிறாள். இருபது வருஷம் அந்த வீட்டில் 'சாப்பிட வாங்க' என்பதற்கு அர்த்தம், தோளில் ஒரு கை. இதை விட்டுவிட்டு நான் ரத்தத் துளி போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு, மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் மூன்று கதைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஃபிரான்ஸ் காஃப்கா. 'உருமாற்றம்' என்ற கதை 1915-ல் லைப்சிக் நகரின் குர்ட் வோல்ஃப் பதிப்பகம் மூலம் புத்தகமாக வந்தது. ஒருவன் காலையில் கண் விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான் என்பது கதை. அட்டைக்கு என்ன வரைவீர்கள்? பூச்சிதானே! ஓட்டோமார் ஸ்டார்க்கே என்ற ஓவியர் படம் போடப் போகிறார் என்று கேள்விப்பட்ட காஃப்கா பதறிப்போனார். 1915 அக்டோபரில் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பூச்சியை மட்டும் வரைந்துவிடாதீர்கள், தூரத்தில் தெரிவது போலக்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெற்றோரும் தங்கையும் வெளிச்சமான அறையில் இருக்க, பக்கத்து இருட்டறையின் கதவு திறந்திருப்பது போல வரையலாமே என்று யோசனையும் சொன்னார். கடைசியில் வந்த அட்டையில் பூச்சி இல்லை. வீட்டு அங்கி அணிந்த ஒரு மனிதன், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கதவை விட்டு விலகி வருகிறான். பின்னால் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஒரே இருட்டு. அவ்வளவுதான்.

இதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. காஃப்காவுக்குப் படமே பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் 1908 முதல் பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் எந்திரங்களில் சதுரத் தண்டுக்குப் பதிலாக உருளைத் தண்டு பொருத்தினால் விரல்கள் பிழைக்கும் என்று அவர் எழுதிய அலுவலக அறிக்கை இருக்கிறது. அதில் தண்டின் படம், வெட்டுப்பட்ட கையின் படம் எல்லாம் உண்டு. விரலைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்ன அதே மனிதர், கதைக்கு வரும்போது காட்டாதே என்கிறார். ஏனென்றால் அந்தப் பூச்சி எப்படி இருந்தது என்பது கதையே இல்லை. வீட்டில் இருந்தவர்கள் அந்தக் கதவை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் கதை.

இரண்டாவது, அமெரிக்காவின் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் 1925 ஏப்ரலில் வெளிவந்தது. ஸ்பெயினில் பிறந்த ஃபிரான்சிஸ் குகாட் என்ற ஓவியர் அட்டை வரைந்தார். கருநீல இரவு வானத்தில் உடம்பில்லாத ஒரு பெண்ணின் கண்களும் சிவந்த உதடுகளும் மிதக்கும். ஒரு கண்ணீர்த் துளி வழியும். கீழே திருவிழா போல நகரத்து விளக்குகள். வேடிக்கை என்னவென்றால், நாவல் முடிவதற்கு முன்பே இந்த அட்டை தயாராகிவிட்டது. பிரான்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் 1924-ல் தன் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்க்கின்ஸுக்கு எழுதினார்: அந்த அட்டையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அதை நான் நாவலுக்குள்ளேயே எழுதிவிட்டேன் என்று. சாம்பல் மேட்டுக்கு மேலே விளம்பரப் பலகையில் இருந்து முறைக்கும் இரண்டு ராட்சதக் கண்கள் அந்த நாவலில் வருகின்றன. அட்டை நாவலுக்குள் போன இடம் அதுதான் என்று பலரும் சொல்கிறார்கள்.

ஆனால் அதே அட்டை ஹெமிங்வேக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாவலைப் படித்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆகவே தம்பிகளே, எல்லோருக்கும் பிடிக்கிற அட்டை என்று ஒன்று கிடையாது. நாவலுக்கும் அட்டைக்கும் உறவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, நீங்கள் எல்லோரும் பார்த்தது. 'ஜுராசிக் பார்க்'. 1993-ல் ஸ்பீல்பெர்க் படமாக வருவதற்கு முன், 1990-ல் மைக்கேல் கிரைட்டன் எழுதிய நாவலாக வந்தது. அந்தக் கறுப்பு டைனோசர் எலும்புக்கூடு, நாவலின் அட்டைக்காக சிப் கிட் என்பவர் வரைந்தது. திரைப்படத்துக்கும் அதையே சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே வாங்கிய ஒரு புத்தகத்தில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தின் மேல் தாளை வைத்து வரைய ஆரம்பித்தார். இன்னொருவராக இருந்தால் பல்லைக் காட்டும் ராட்சதப் பல்லியை வரைந்திருப்பார். இவர் வரைந்தது முழு எலும்பும் இல்லை, முழு மிருகமும் இல்லை. செத்ததிலிருந்து மறுபடி உருவாக்கப்படுகிற ஒன்று. நாவல் பேசுவதும் அதைத்தானே.

இந்த சிப் கிட் தன் கல்லூரி நாள் பாடம் ஒன்றைச் சொல்வதுண்டு. முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் ஆப்பிள் படம் ஒன்றும், 'ஆப்பிள்' என்ற சொல்லும் போட்டுக் காட்டினாராம். படத்தைக் காட்டு, இல்லையென்றால் சொல்லைப் போடு. இரண்டையும் சேர்த்துப் போடுவது பார்க்கிறவனை முட்டாளாக நினைப்பது என்பது பாடம். நான் என்ன செய்திருந்தேன்? தலைப்பிலும் நூல், படத்திலும் நூல். பரீட்சையில் ஒரே விடையை இரண்டு தடவை எழுதினால் இரட்டை மார்க் கிடைக்குமா?

நம் ஊரிலும் இதற்கு நல்ல மரபு உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் வரைந்த முகங்களைத்தான் இன்றும் பலர் வந்தியத்தேவன், நந்தினி என்று மனதில் வைத்திருக்கிறார்கள். அது பாத்திரங்களை நேரே கொண்டுவந்து நிறுத்தும் வழி. இன்னொரு பக்கம் ஓவியர் ஆதிமூலம். தலைப்பு எழுத்தையே ஓவியமாக்கிக் காட்டியவர். அவர் கையால் எழுதிய தமிழ் எழுத்தைப் பார்த்தாலே உள்ளே எந்த மாதிரி மண், எந்த மாதிரி மனிதர்கள் என்று ஒரு வாசனை வந்துவிடும். இரண்டு வழியும் நமக்கு வேண்டும். எந்த நாவலுக்கு எது என்று தெரிய வேண்டும், அதற்கு நாவலைப் படிக்க வேண்டும்.

முதலாண்டு எஞ்சினியரிங் டிராயிங் வகுப்பு யாருக்கும் மறந்திருக்காது. மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தோமே! வெட்டுத்தோற்றம் போடும்போது நான் கண்ட இடத்தில் வெட்டுவேன். எங்கள் சார் தலையில் குட்டி, "எங்கே வெட்டினா உள்ளே இருக்கிற முக்கியமான பாகம் தெரியுமோ அங்கே வெட்டுடா" என்பார். அட்டைக்கும் அதுதான் விதி என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. விசைத்தறி, சோமனூர், கூலி நெசவு இதெல்லாம் அந்த நாவலின் வெளித்தோற்றம். வெட்ட வேண்டிய இடம் அந்தத் தோள்.

2019-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. நண்பன் கேட்கவில்லை; நானே போய்க் கேட்டேன். "மறுபடி நான் போடட்டுமா?" என்றேன். "இந்தத் தடவை படிச்சுட்டியா?" என்றான். அப்போதுதான் தெரிந்தது, மூன்று வருஷமாக அவனுக்கும் அது தெரியும் என்று. தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிநேகிதம் என்றால் இப்படியும் ஒன்று இருக்கிறது.

இந்தத் தடவை பென்சிலோடு நாவலை இரண்டு முறை படித்தேன். திரும்பத் திரும்ப வருகிற பொருள்களையும் செய்கைகளையும் பட்டியல் போட்டேன். தறி, நூல், கரண்ட் பில், தூக்குப் போசி, தோளைத் தொடும் கை. தோளைத் தொடுவது பதினோரு இடத்தில் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் அந்தக் கை வருவதில்லை. அவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அப்புறம் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பனியன் போட்ட ஒரு மனிதரின் முதுகு. முகம் தெரியாது. தலைமுடியில் கொஞ்சம் பஞ்சுத் தூசு. ஓரத்திலிருந்து நீண்டு வரும் ஒரு பெண்ணின் கை, தோளைத் தொட இன்னும் ஒரு விரற்கடை தூரம். தறி எங்கும் இல்லை. நிறம், கஞ்சி போட்ட பாவின் வெளுப்பு.

வரைந்தால் போதாது, அச்சில் வர வேண்டும். ஆர்வமுள்ள தம்பி தங்கைகளுக்காக இதையும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் தெரிவது ஒளி; அச்சில் வருவது மை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையில் திரையின் எல்லா நிறமும் வராது. என் வெளுப்பு முதல் சோதனை அச்சில் மஞ்சள் காமாலை மாதிரி வந்தது. மூன்று தடவை மாற்றினோம். முதல் பதிப்பில் பளபள லேமினேஷன் போட்டிருந்தோம், விளக்கடியில் பிடித்தால் படத்துக்குப் பதில் நம் மூஞ்சிதான் தெரியும். இதற்கு மேட் லேமினேஷன். வெட்டும்போது பிசகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாமல் இருக்க, படத்தை நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். முதுகின் தடிமனைக் கணக்குப் போட வேண்டும்: 240 பக்கம் என்றால் 120 தாள், 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ.; ஆக, ஏறக்குறைய 12 மி.மீ. இதில் தப்பினால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு எட்டிப் பார்க்கும். கடைசியாக ஒரு சோதனை. அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். புத்தகக் கண்காட்சியில் ஒரு வாசகர் அந்தத் தூரத்தில்தான் நடந்து போவார். தலைப்பு படிக்க முடிகிறதா? படத்தில் ஒரு விஷயமாவது பிடிபடுகிறதா? இல்லை என்றால் ஏதோ அதிகமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

புத்தகம் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு சோமனூர் போனேன். அவன் அப்பா கொட்டகையில் இருந்தார். தறி ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்காது என்று தெரியும். கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். திரும்பினார். புத்தகத்தைக் கொடுத்தேன். முன்பு போலவே ரொம்ப நேரம் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தினார். அம்மாவைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினார். அந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ற கை மாதிரியே இருக்குதுங்க" என்றார்கள். அவருக்கு அது கேட்டிருக்காது. ஆனால் சிரித்தார்.

அதற்குப் பிறகு இருபது அட்டைக்கு மேல் போட்டுவிட்டேன். ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறேன்: கடைசிப் பக்கம் வரை படிக்காமல் முதல் கோடு போடுவதில்லை. இது அட்டைக்கு மட்டும் உள்ள விதி என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு நீங்களும் பம்ப் செய்வீர்கள், பாலம் கட்டுவீர்கள், சாஃப்ட்வேர் எழுதுவீர்கள். யாருக்காகச் செய்கிறோமோ அவர் ஒருநாள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, 'இதில் நான் எங்கே?' என்று கேட்கலாம். அன்றைக்கு என்னைப் போல முழிக்காமல் இருக்க, எட்டு வரியைப் படித்துவிட்டு வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. நான்காவது வரிசை நண்பா, உன் அடுத்த நாவலைச் சீக்கிரம் முடி. இந்தத் தடவை கையெழுத்துப் பிரதியை முதலில் எனக்குக் கொடு.